டிவிடி ரீஜன் பூட்டு: காசு கொடுத்தவன்தான் இளிச்சவாயனா?

2009 மார்ச் மாதம். பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுன் வாஷிங்டன் போனார். புதிதாகப் பதவியேற்றிருந்த ஒபாமாவுக்கு ஒரு பேனா தாங்கியைப் பரிசாகக் கொண்டுபோனார். ஏதோ கடையில் வாங்கியது இல்லை. அடிமை வியாபாரத்தைத் தடுக்க ரோந்து போன 'கேனட்' என்ற பழைய போர்க்கப்பலின் மரத்தில் செய்தது. பதிலுக்கு ஒபாமா கொடுத்தது 25 ஹாலிவுட் படங்களின் டிவிடிக்கள். இதுதானா பரிசு என்று லண்டன் பத்திரிகைகள் பொருமின. சில நாளில் அதைவிடப் பெரிய செய்தி வந்தது. எல்லாம் வட அமெரிக்காவில் விற்கும் டிவிடிக்களாம். பிரவுன் வீட்டு பிளேயரில் ஓடவில்லையாம்.

உலகமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அது திருட்டு டிவிடி இல்லை. பிளேயரில் கோளாறு இல்லை. வாங்கியவர் காசு கொடுத்து வாங்கினார், கொடுத்தவர் மனமுவந்து கொடுத்தார். கொடுத்தவர் அமெரிக்க ஜனாதிபதி, வாங்கியவர் பிரிட்டிஷ் பிரதமர். இருந்தும் படம் ஓடாது. காரணம், தகட்டில் 1 என்று இருக்கிறது, பிளேயரில் 2 என்று இருக்கிறது. அவ்வளவுதான்.

அவர்களாவது பிரதமரும் ஜனாதிபதியும். வேலை மாறி நாடு மாறியவர்கள், படிக்கப் போய்த் திரும்பியவர்கள், தங்கை மகனுக்கு ஆசையாக வெளிநாட்டிலிருந்து கார்ட்டூன் படம் வாங்கி வந்த மாமாக்கள், இவர்களின் எரிச்சலை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. பெட்டியில் துணியைக் குறைத்து டிவிடியை அடுக்கிக்கொண்டு வந்து, ஊரில் போட்டுப் பார்த்தால் திரையில் ஒரு வரி வருகிறது: ரீஜன் தவறு. தவறு யாருடையது என்று மட்டும் அந்த வரி சொல்வதில்லை.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது. அது வரும்போதே உலகத்தைக் கூறு போட்டுக்கொண்டுதான் வந்தது. அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பாவின் பெரும்பகுதி, ஜப்பான், மத்திய கிழக்கு, தென்னாப்பிரிக்கா எல்லாம் 2. தென்கிழக்கு ஆசியா, தென் கொரியா, தைவான், ஹாங்காங் 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மெக்சிகோவில் தொடங்கி அர்ஜென்டினா வரை 4. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. ஏழாம் எண்ணை எடுத்துத் தனியே வைத்துவிட்டார்கள். எட்டு, விமானத்துக்கும் கப்பலுக்கும்.

இந்த வரைபடத்தை எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று தேடினால் தலை சுற்றும். லண்டனும் டோக்கியோவும் ஒரே ரீஜன். சிட்னியும் சிலியும் ஒரே ரீஜன். மாஸ்கோவும் மதுரையும் ஒரே ரீஜன்! ஹாங்காங் 1997 ஜூலையில் சீனாவோடு சேர்ந்தது. 'ஒரு நாடு, இரண்டு அமைப்பு' என்றது பெய்ஜிங். ஒரு நாடு, இரண்டு ரீஜன் என்றது ஹாலிவுட். மொழியும் கணக்கில்லை, தூரமும் கணக்கில்லை. எந்த ஊரில் படம் எப்போது ரிலீஸ், எந்த ஊரில் என்ன விலைக்குப் போணியாகும், இதுதான் கணக்கு.

தமிழ்க் குடும்பங்களை இந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் கூத்து இன்னும் நன்றாகத் தெரியும். அண்ணன் டொராண்டோவில், அவர் 1. அக்கா பாரிஸில், அவர் 2. சித்தப்பா சிங்கப்பூரில், அவர் 3. மச்சான் மெல்பர்னில், அவர் 4. அம்மா யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ, அவர் 5. ஒரே குடும்பத்தில் ஐந்து ரீஜன். ஆளுக்கு ஒரு ஹாலிவுட் டிவிடி வாங்கி ஒருவருக்கொருவர் அனுப்பினால், ஹாலிவுட்டின் திட்டப்படி ஒன்றுகூட ஓடக்கூடாது. இதனால்தானோ என்னவோ, வெளிநாடுகளில் விற்ற தமிழ்ப்பட டிவிடிக்களில் பெரும்பாலானவை எந்தப் பூட்டும் இல்லாமல் எல்லா ரீஜனுக்கும் பொதுவாகவே வந்தன. திருட்டு விசிடியால் ஹாலிவுட்டைவிட அதிகமாக அடிபட்டது கோடம்பாக்கம். அதுவே இந்தப் பூட்டை நம்பவில்லை. வாங்குகிறவன் எங்கெங்கே இருக்கிறான் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

சரி, பூட்டு என்றதும் பெரிய தொழில்நுட்பம் என்று யாரும் மிரள வேண்டாம். டிவிடியில் படத்தின் விவரங்களைச் சொல்லும் ஒரு சின்ன ஃபைல் இருக்கும். அதில் ஒரே ஒரு பைட். அந்த பைட்டில் எட்டு பிட். ரீஜனுக்கு ஒரு பிட். 'இங்கே ஓடலாம், இங்கே ஓடக்கூடாது' என்று சொல்ல அது போதும். பிளேயர் தன் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்றால் கையை விரித்துவிடும். ஏழெட்டு ஜிபி தகட்டில் ஒரு பைட். இதை டிவி சிக்னல் வித்தியாசத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பால், என்டிஎஸ்சி என்று இரண்டு முறை இருந்தது நிஜமான தொழில்நுட்பச் சிக்கல். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் விற்ற டிவிடி பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் சமாளித்துவிட்டன. ரீஜன் பூட்டு சிக்கலே இல்லாத இடத்தில் வேண்டுமென்றே உண்டாக்கிய சிக்கல்.

தகடு தயாரிப்பவர் பூட்டுப் போட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஆனால் பிளேயர் தயாரிப்பவர் கீழ்ப்படிந்தே ஆகவேண்டும். படத்தைக் குழப்பிப் பதிவு செய்யும் சிஎஸ்எஸ் என்ற முறை இருக்கிறது. அதைப் பிரித்துப் படிக்க உரிமம் வேண்டும். ரீஜனை மதிப்பேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் உரிமம். எந்தப் பாராளுமன்றமும் இதைச் சட்டமாக்கவில்லை. கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட ஒப்பந்தம் இது. காசு கொடுத்து வாங்கியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கு ஸ்டூடியோக்கள் சொன்ன நியாயம் என்ன? ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது, அதை மறுக்க வேண்டியதில்லை. பிலிம் பிரிண்ட் போட நிறையச் செலவாகும். அமெரிக்காவில் ஓடி முடித்த பிரிண்டை அடுத்த நாட்டுக்கு அனுப்புவார்கள். 'மேட்ரிக்ஸ்' அமெரிக்காவில் 1999 மார்ச் 31 அன்று வந்தது. ஜப்பானில் தியேட்டருக்கு வந்தது செப்டம்பர் 11. அமெரிக்காவில் டிவிடி வந்தது செப்டம்பர் 21. டோக்கியோவில் படம் வந்து பத்தாவது நாள் அமெரிக்க டிவிடி கப்பலேறி வந்தால் தியேட்டர்காரர் கதி என்ன? கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் அதே வரிசையின் மூன்றாம் படம், 'மேட்ரிக்ஸ் ரெவல்யூஷன்ஸ்', 2003 நவம்பர் 5 அன்று உலகம் முழுக்க ஒரே நேரத்தில் திரைக்கு வந்தது. ஒரே நாள் மட்டுமில்லை, பல நகரங்களில் கடிகாரம் பார்த்து ஒரே மணிக்கு. தியேட்டரில் எல்லை இல்லை என்று ஸ்டூடியோவே மார்தட்டிக்கொண்டது. பிறகு அந்தப் படத்தின் டிவிடியில் எதற்குப் பூட்டு? தியேட்டர் காரணம் செத்துப்போன பிறகும் பூட்டு மட்டும் பிழைத்திருந்தது. ஏனென்றால் உள்ளே இருந்த நிஜக் காரணம் விலை. ஒரே படத்தை ஓரிடத்தில் மலிவாகவும் இன்னோரிடத்தில் யானை விலைக்கும் விற்கவேண்டும் என்றால், மலிவு இடத்திலிருந்து பொருள் நகரக்கூடாது. ஐரோப்பாவில் டிவிடி விலை ஏன் இவ்வளவு என்று 2001-ல் ஐரோப்பிய கமிஷனின் போட்டித்துறைத் தலைவர் மரியோ மோன்டி ஸ்டூடியோக்களைக் கேட்டதும் இதனால்தான்.

விலை வித்தியாசமே கூடாது என்று சொல்லவில்லை. இன்ஜினியரிங் படித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்: வெளிநாட்டில் நூறு டாலருக்கு விற்கும் பாடப்புத்தகம் இங்கே மெல்லிய தாளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அட்டையில் 'இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு' என்று போட்டிருக்கும். அது இல்லாவிட்டால் பாதிப் பேர் ஜெராக்ஸ் கடையில்தான் படித்திருப்பார்கள் (இருந்தும் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் குறையவில்லை என்பது வேறு விஷயம்). ஆனால் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேல்படிப்புக்கு டெக்ஸாஸ் போனால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு திறக்க மறுப்பதில்லை. எச்சரிக்கை அட்டையோடு நின்றுவிடுகிறது.

இதே விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வந்த சுபாப் கிர்ட்சேங் என்ற மாணவர், ஊரில் மலிவாக விற்ற பாடப்புத்தகங்களை உறவினர்கள் மூலம் வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு மாணவருக்குச் சாதகமாக வந்தது. சட்டப்படி அச்சான பிரதியை ஒருமுறை விற்றாகிவிட்டால், அது எந்த நாட்டில் அச்சானாலும் சரி, அதற்குப் பிறகு வாங்கியவர் அதை விற்பதைத் தடுக்கும் உரிமை பதிப்பகத்துக்கு இல்லை என்றது கோர்ட். அவர் செய்தது வியாபாரம். அதுவே சரி என்றால், வியாபாரம்கூடச் செய்யாமல் தன் வீட்டு டிவியில் தன் டிவிடியைப் பார்க்க ஆசைப்படுகிறவன் என்ன பாவம் செய்தான்? சட்டம் கொடுக்காத அதிகாரத்தை ஒரு பைட் கொடுத்துவிடுகிறது. சட்டத்தோடு கோர்ட்டில் வாதாடலாம். பைட்டோடு எப்படி வாதாடுவது?

"காப்புரிமைப் பாதுகாப்பு" என்று ஒரு பல்லவி உண்டு. அதற்குச் சரியான பதிலடி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ரீஜன் 4-ல் சின்ன சந்தை அது. அமெரிக்காவில் கிடைக்கும் படங்களில் பல அங்கே வராது, வந்தாலும் தாமதம். அந்த நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2000-ம் ஆண்டு வாக்கிலேயே ரீஜன் விவகாரத்தைக் கையிலெடுத்தது. அப்போதே ஒரு வழக்கும் வந்து சேர்ந்தது. அது படத் தகடு இல்லை, பிளேஸ்டேஷன் கேம் தகடு. ஆனால் பூட்டின் குணம் ஒன்றுதான். சிட்னியில் ஸ்டீவன்ஸ் என்பவர் பிளேஸ்டேஷனில் ஒரு சிப் பொருத்திக் கொடுத்தார். அது இருந்தால் வேறு நாட்டில் வாங்கிய கேமும் ஓடும், நகல் எடுத்த கேமும் ஓடும். சோனி வழக்குப் போட்டது. நுகர்வோர் ஆணையம், ஒரு அரசு அமைப்பு, கோர்ட்டில் ஆஜராகி வாங்குகிறவன் பக்கத்து வாதத்தை எடுத்து வைத்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்களுக்கு ஒரு மாலை போடலாம்.

முதல் கோர்ட்டில் ஸ்டீவன்ஸுக்கு வெற்றி, அடுத்ததில் சோனிக்கு. கடைசியில் 2005 அக்டோபரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அங்கே அதற்கு மேல் கோர்ட் கிடையாது, ஒருமனதாகச் சோனியின் வாதத்தைத் தள்ளியது. நீதிபதிகள் கேட்ட கேள்வி எளிமையானது. இந்தப் பூட்டு நகல் எடுப்பதைத் தடுக்கிறதா? இல்லை. நகல் எடுப்பதை அது தொடுவதே இல்லை. தகடு ஓடுவதை மட்டும்தான் தடுக்கிறது. தகட்டைப் போட்டு விளையாடுவது காப்புரிமை மீறல் இல்லை. அப்புறம் எப்படி இது காப்புரிமையைக் காக்கும் பூட்டு ஆகும்?

அமெரிக்காவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்துக்காக ஆஸ்திரேலியா தன் சட்டத்தை 2006-ல் திருத்த வேண்டி வந்தது. எல்லாம் தலைகீழாகப் போகும் என்று பலர் பயந்தார்கள். ஆனால் திருத்திய சட்டத்திலேயே ஒரு விலக்கை எழுதி வைத்தார்கள். வெளிநாட்டில் முறையாக வாங்கிய படமோ கேமோ ஆஸ்திரேலியாவில் ஓடுவதைத் தடுத்துச் சந்தையைப் பிரிக்கும் பூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. நியூசிலாந்தும் 2008-ல் அதே வழியில் போனது. இந்தியாவின் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவும், காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்கிறது. சொந்தக் காசில் வாங்கிய படத்தைப் பார்ப்பது எந்த அகராதியிலும் மீறல் ஆகாது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1998-ல் வந்த சட்டப்படி, பூட்டை உடைப்பதே குற்றம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதிவிலக்கு கேட்கலாம். வெளிநாட்டு டிவிடிக்கு விலக்கு கேட்டவர்களுக்கு 2003-ல் கிடைத்த பதில், முடியாது என்பதுதான். ஏன்? எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் சந்தையில் கிடைக்கிறதே, இன்னொரு பிளேயர் வாங்கிக்கொள்ளலாமே, அதனால் பெரிய பாதிப்பு இல்லையாம். பூட்டால் கஷ்டம் இல்லை, பூட்டு சரியாக வேலை செய்யாத பிளேயர் கிடைக்கிறதே என்று அரசாங்கமே சொல்கிறது. இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா?

அந்த பிளேயரையாவது நிம்மதியாக விட்டார்களா? அதுதான் இல்லை. 2000-ல் 'தி பேட்ரியட்' டிவிடியோடு புதிதாக ஒரு வித்தை வந்தது. ஆர்சிஇ என்று பெயர். எல்லா ரீஜனையும் ஏற்கும் பிளேயரை அடையாளம் கண்டுபிடித்துப் படத்தை நிறுத்துவதற்கென்றே எழுதிய புரோகிராம். தகடு பிளேயரைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்கும். 'எல்லா ஊரும் என் ஊர்தான்' என்று பிளேயர் பெருந்தன்மையாகச் சொன்னால் மாட்டிக்கொண்டது. படம் கிடையாது. அதே வருடம் ஏபெக்ஸ் என்ற மலிவு பிளேயர் அமெரிக்கக் கடைகளில் பறந்து பறந்து விற்றது. காரணம், அதில் ஒளிந்திருந்த ஒரு மெனு. அந்த மெனுவுக்குப் பெயரே 'ஓட்டைகள்'! ரீஜனை எடுத்துவிடலாம். விஷயம் வெளியே வந்ததும் அந்த மெனு அடுத்து வந்த பிளேயர்களில் காணாமல் போனது. ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சர்வே யாரும் எடுத்திருக்க முடியாது. அதற்குப் பிறகு பல வருடம், ரிமோட்டில் எந்த எண்ணை எந்த வரிசையில் அழுத்தினால் பூட்டு திறக்கும் என்பது உலகம் முழுக்க வாய்மொழியாகப் பரவியது. ஏதோ சித்தர் மந்திரம் மாதிரி.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்குத் தனி தண்டனை. 2000 ஜனவரியிலிருந்து வந்த டிவிடி டிரைவ்களில் ரீஜன் எண் டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும். ஐந்து முறை மாற்றலாம். அதற்கு மேல் கடைசியாக வைத்த எண்ணில் அது அப்படியே உறைந்துவிடும். விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டாலும் பயனில்லை. ஹாஸ்டலில் ஒரே கம்ப்யூட்டர், நாலு பேர் நாலு ஊரிலிருந்து கொண்டுவந்த டிவிடி என்றால் ஒரே வாரக்கடைசியில் ஐந்தும் காலி. சொந்தக் காசில் வாங்கிய டிரைவ், அதில் எண்ணை மாற்றுவதற்கு ரேஷன்.

திருடனுக்கு? அவனுக்கு ஒன்றுமே இல்லை. பர்மா பஜாரில் விற்ற திருட்டு டிவிடி எந்த ரீஜனையும் கேட்காது. நகல் எடுக்கும்போதே அந்த ஒரு பைட்டைத் துடைத்துவிடுவார்கள், ஒரு நொடி வேலை. 1999 அக்டோபரில் சிஎஸ்எஸ்-ஐ உடைக்கும் புரோகிராம் வெளிவந்தபோது மாட்டியது நார்வேயைச் சேர்ந்த 15 வயதுப் பையன் யோன் லெக் யோஹான்சன். லினக்ஸில் டிவிடி பார்க்க வழி இல்லாமல் செய்த வேலை அது. அவனைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 2003 ஜனவரியில் விடுதலை. மேல்முறையீட்டிலும் அதே டிசம்பரில் விடுதலை. தான் வாங்கிய படத்தைத் தான் பார்ப்பது குற்றமில்லை என்பதை நிரூபிக்க ஒரு பையனுக்கு இத்தனை வருடம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள். பஜாரில் 50 ரூபாய்க்கு வாங்கியவன் படம் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். 1,000 ரூபாய்க்கு ஒரிஜினல் வாங்கியவன் நள்ளிரவில் ரிமோட்டை வைத்துக்கொண்டு மந்திரம் ஜெபித்துக்கொண்டிருந்தான். யாரை யார் பைரசிக்குத் துரத்தினார்கள்?

புதுப் படம், வசூல், ரிலீஸ் தேதி என்று எதைச் சொன்னாலும் சொல்லட்டும். பழைய படங்களுக்கு என்ன சொல்வார்கள்?

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'. 1955-ல் வந்த படம். ராய் மனைவியின் நகைகளை அடகு வைத்து, பணம் தீர்ந்து, படப்பிடிப்பு நின்றுபோய், கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து முடிந்த படம். அதாவது வங்காளத்து ஜனங்களின் வரிப்பணம். அதோடு சேர்ந்த 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்' இரண்டும் சேர்த்து அபு மூன்று படங்கள். இவற்றின் நெகட்டிவ்கள் லண்டனில் ஒரு லேபில் இருந்தபோது 1993-ல் நடந்த தீ விபத்தில் கருகின. கருகியதில் மிஞ்சியதை எடுத்து, பிரேம் பிரேமாக ஒட்டி, இல்லாத இடங்களுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்து, 4கே தரத்தில் மீட்டார்கள். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனமும் ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகமும் இத்தாலியின் போலோன்யா நகரத்து லேபும் சேர்ந்து செய்த அந்த வேலைக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அதில் சந்தேகமே இல்லை.

2015 நவம்பரில் அது ப்ளூரேயாக வந்தது. ப்ளூரேயில் ரீஜன் எட்டு இல்லை, மூன்றுதான்: ஏ, பி, சி. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனாலும் கடிக்கிற குணம் போகவில்லை. அமெரிக்கா ஏ. இந்தியா சி. அபு படங்களின் ப்ளூரே ரீஜன் ஏ. முடிந்தது கதை. வங்காளத்துக் கிராமத்தில் எடுத்த படம், வங்காள மொழிப் படம், வங்காள அரசின் பணத்தில் முடிந்த படம், தீயிலிருந்து மீண்டு வந்த படம். அறுபது வருடம் கழித்து, கொல்கத்தாவில் கடையில் வாங்கிய முறையான சி பிளேயரில் அந்தத் தகட்டைப் போட்டால் 'இந்த ஊரில் ஓடாது' என்று வரும். 1955-ல் வெளியான படத்துக்கு 2015-ல் எந்தத் தியேட்டர் ரிலீஸைக் காப்பாற்றினார்கள்? ஏரியா வாரியாக உரிமை பிரித்து விற்பதால் இப்படி ஆகிறது என்பார்கள். அது விற்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் இடையே உள்ள கணக்கு. ஒரு ஏரியாவில் ஒருவர்தான் கடை போடலாம் என்று அவர்கள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? கடையில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனவன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அவன் பிளேயருக்குள் எதற்கு நுழைகிறார்கள்?

பூட்டு இல்லாவிட்டால் தொழிலே படுத்துவிடும் என்று பயமுறுத்தியவர்களுக்கு நடந்த வரலாறே பதில். ப்ளூரேயோடு போட்டி போட்ட எச்டி டிவிடியில் ரீஜன் பூட்டு கிடையாது. அது 2008-ல் தோற்றது, ஆனால் தோற்றது ஸ்டூடியோக்கள் பக்கம் மாறியதால், பூட்டு இல்லாததால் இல்லை. 2016-ல் வந்த 4கே அல்ட்ரா எச்டி ப்ளூரேயில் ரீஜனைத் தூக்கியே எறிந்துவிட்டார்கள். அதே ஸ்டூடியோக்கள், அதே படங்கள், அதைவிடத் தரமான பிரிண்ட். வானம் இடிந்து விழவில்லை. இருபது வருடமாக முடியவே முடியாது என்றது ஒரே நாளில் முடிந்துவிட்டது.

இப்போது எல்லாம் ஸ்ட்ரீமிங், யார் தகடு வாங்குகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். ஸ்ட்ரீமிங்கிலும் நாடு மாறினால் பட்டியல் மாறுகிறது. நெட்ஃப்ளிக்ஸ் 2016 ஜனவரியில் ஒரே நாளில் 130 நாடுகளில் கடை திறந்தது. அதே மாதம், வேறு நாட்டுப் பட்டியலை விபிஎன் மூலம் எட்டிப் பார்ப்பவர்களைத் தடுக்கப் போவதாகவும் அறிவித்தது. ஆனால் அங்கே கொடுப்பது மாத வாடகை. பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். தகடு அப்படி இல்லை. அது விலை கொடுத்து வாங்கிய சொத்து, அலமாரியில் இருக்கிறது.

அந்தச் சொத்தின் கதிதான் இனிமேல் கவலை. பிளேயர் தயாரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டுகிறார்கள். சாம்சங் 2019-ல் அமெரிக்காவில் புது ப்ளூரே பிளேயர்களை நிறுத்தியது. மற்றவர்களும் பின்னாலேயே போகிறார்கள். லேப்டாப்பில் டிரைவ் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ரீஜன் 1 தகடுகள் அலமாரி நிறைய இருக்கின்றன, ரீஜன் 1 பிளேயர் பழுதாகிவிட்டது, மாற்று கிடைக்கவில்லை. நாடு மாறி வந்த ஒருவர் இந்த நிலையில் என்ன செய்வார்? தகடு நன்றாக இருக்கிறது, டிவி நன்றாக இருக்கிறது, நடுவே அந்த ஒரு பைட் மட்டும் காவல் நிற்கிறது. யாருக்காக என்று அதற்கே தெரியாது.

ஸ்டூடியோக்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. இனி அச்சடிக்கும் டிவிடியிலும் ப்ளூரேயிலும் அந்த எண்ணைப் போடாமல் விடலாம், அதற்குச் செலவே இல்லை. ஏற்கெனவே விற்ற பிளேயர்களில் ரீஜனை நீக்கும் சாஃப்ட்வேரைத் தயாரிப்பவர்கள் வெளியிட உரிமத்தில் அனுமதி கொடுக்கலாம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் எழுதிவைத்த விலக்கை மற்ற நாடுகளும் எழுதலாம்.

செய்யவில்லை. 2021 நவம்பரில் கிரைட்டீரியன் நிறுவனம் ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' படத்தை 4கே தகடாகக் கொண்டுவந்தது. 1941-ல் வந்த படம். ஒரே பெட்டிக்குள் 4கே தகடும் இருக்கிறது, ப்ளூரே தகடுகளும் இருக்கின்றன. 4கே தகடு சென்னையிலும் ஓடும், சிகாகோவிலும் ஓடும். கூட இருக்கும் ப்ளூரே தகடுகள், அதே படமும் அதைப் பற்றிய டாக்குமென்டரிகளும், ரீஜன் ஏ.